ஹெலன் வீட்டு மாடிப்படி

சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹெலனுக்கு விலாசம் தேவையில்லை. நெட்டையக்கா கடை என்றால் போதும், ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். உச்சித் தட்டில் இருக்கும் இட்லிக் கொப்பரையைக்கூட ஸ்டூல் போடாமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பாள்.

கல்லூரியில் படித்த காலத்தில் வாலிபால் அணியில் வலைக்கு முன்னால் நின்று பந்தை அறைந்தவள். அந்த உயரத்தைக் கைதட்டிக் கொண்டாடியது மைதானம் ஒன்றுதான். வெளியே வந்தால் எல்லோரும் குனியச் சொன்னார்கள். கல்யாணப் போட்டோவில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மாப்பிள்ளை சுந்தரராஜைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிறகு குடியிருந்த வாடகை வீடுகளில் ஒன்றுகூட அவள் நெற்றியைப் பதம் பார்க்காமல் விட்டதில்லை.

அதனால் ராஜபாளையம் ரோட்டில் வாங்கிய மனையில் அஸ்திவாரம் தோண்டிய அன்றே, காண்ட்ராக்டர் வேல்ராஜிடம் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, எனக்குப் பளிங்குக் கல்லு வேண்டாம், தேக்குக் கதவு வேண்டாம். என் வீட்டுக்குள்ள எங்கனயும் நான் தலையக் குனியக் கூடாது. அது போதும்."

"அதுக்கென்னம்மா, அரண்மனை கணக்கா கட்டித் தாரேன்."

அன்றிலிருந்து ஹெலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் மனைக்கு ஓடுவாள். சுவருக்குத் தண்ணீர் விடுவாள். கூரையில்லாத அறைகளில் நின்று, இங்கன கட்டில், அங்கன பீரோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நிலைகளெல்லாம் அவள் கேட்டபடியே உயரமாக நின்றன. மேல்தளம் போட்ட நாளில் கலவை மெஷின் போட்ட இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே வடைத் தட்டோடு ஆள் ஆளாகத் தேடிப்போய்க் கொடுத்தாள்.

தளத்துக்கு முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்த அன்று, "மாடிக்கு ஏறிப் பாக்கட்டா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் புதுப் படிகளில் தாவி ஏறினாள். பாதிக்கு மேல் போனதும் 'ணங்' என்று ஒரு சத்தம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கு மேலே விட வேண்டிய திறப்பு குட்டையாகிப் போயிருந்தது. கம்பி கட்டியவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு வரிசைக் கம்பியைக் கூடுதலாகக் கட்ட, தளம் படிக்கு மேலே நீண்டுவிட்டது. அதன்மேல் கான்கிரீட்டும் விழுந்து இறுகிவிட்டது.

வேல்ராஜ் தாமே ஏறிக் காட்டினார். அவர் தலைக்கும் தளத்துக்கும் நடுவே நாலு விரல் போனது. "பாருங்க, இடிக்கா? தாராளமா இருக்கு."

"குடியிருக்கப் போறது நீங்களா, நானா?"

அவர் தலையைச் சொறிந்தார். "தளம் போட்டாச்சேம்மா. இனி என்ன செய்ய?"

சுந்தரராஜ் சண்டை சச்சரவு என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர். மனைவியைத் தனியாக அழைத்து, "விடு ஹெலன். அந்த ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கோயேன்" என்றார்.

ஹெலன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கடைக்குப் போனாள். போன் எடுத்துத் தன் பழைய அணித் தோழி பொன்செல்வியைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஹெலனும் சுந்தரராஜும் மனைக்கு வந்தபோது வாசலில் ஒரு பைக் நின்றது. குருவிகுளம் பக்கம் ஏட்டாக இருக்கும் பொன்செல்வி, டியூட்டி முடிந்த கையோடு காக்கி உடுப்பிலேயே வந்திருந்தாள். பின்னால் இருந்து இறங்கியவள் புளியங்குடியில் துணிக்கடை நடத்தும் அப்ரீன் பானு. அவளும் அதே அணிதான். உயரத்தில் ஒருத்திக்கு ஒருத்தி குறைச்சலில்லை.

ஹெலன் வரச்சொல்லி அங்கே நின்ற வேல்ராஜுக்குக் காக்கியைக் கண்டதும் வியர்த்துவிட்டது. "போலீசெல்லாம் எதுக்கும்மா? பேசித் தீத்துக்கிடலாம்லா?"

"பயப்படாதீய அண்ணாச்சி, புது வீடு பாக்க வந்திருக்கோம்" என்ற பொன்செல்வி, மிடுக்காகப் படியேறினாள். 'ணங்'. தொப்பி உருண்டு கீழே வந்தது.

"ஏட்டி, பாத்து ஏறமாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே போனாள் அப்ரீன். அவளுக்கும் 'ணங்'. "யா அல்லாஹ்! இது வீடா, உரலா?"

மூன்றாவதாக ஹெலன் ஏறினாள். இடிக்கும் என்று தெரிந்தும் அவள் குனியவில்லை. நிமிர்ந்தபடியே போய் முட்டிக்கொண்டு, அங்கேயே நின்றாள்.

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேல்ராஜுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுந்தரராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் நெற்றி சிவந்து வீங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், நேராக வேல்ராஜ் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வெட்டிருங்க."

ஹெலன் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் இப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை.

வேல்ராஜ் தளத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்க ஆளுக செஞ்ச தப்புதான். எஞ்சினியரக் கூட்டிட்டு வாரேன். என் பொறுப்புலயே சரி பண்ணித் தாரேன்."

எஞ்சினியர் வந்து பார்த்து, உள்ளே தள்ளி ஒரு பீம் கொடுத்துவிட்டு முன்னால் நீட்டியிருப்பதை அறுத்துவிடலாம் என்றார். அப்படியே பீம் போட்டு, அது இறுகும்வரை காத்திருந்தார்கள்.

அறுக்கும் நாளில் தெருவே கூடிவிட்டது. மெஷின் கிறீச்சிட்டது. வெள்ளைப் புழுதியில் யார் எவர் என்றே தெரியவில்லை. அறுத்த பாளங்களை ஆட்கள் ஒவ்வொன்றாக இறக்க இறக்க, இருட்டாகக் கிடந்த படிகளில் வெயில் மளமளவென்று இறங்கியது. புழுதி அடங்கக்கூட ஹெலனுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க!"

ஏறினாள். கழுத்தை வளைக்கவில்லை. பழைய இடம் வந்தபோது வேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை. மொட்டை மாடியிலிருந்து அவள் குரல்தான் வந்தது.

"ஏங்க! மேல வாங்க! கோயில் கோபுரம் தெரியுது! அந்தால மலை தெரியுது! சீக்கிரம் வாங்களேன்!"

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் கரண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சமையலறை சுவிட்சைப் போட்டால் குளியலறையில் விளக்கு எரிந்தது. ஹெலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருந்துட்டுப் போட்டுங்க, இது தலையில இடிக்கலைல்லா!"

"அதெப்படி?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் சுந்தரராஜ். "நம்ம வீடுட்டி இது. வேல்ராஜ் அண்ணாச்சியக் கையோட கூட்டிட்டு வாரேன் இரு!"