தானாகத் திறந்த நூற்றுப் பதினொன்று

போன மாதம் ஒரு மத்தியானம். வீட்டில் நான் மட்டும். மேஜை மேல் மூடி வைத்திருந்த சட்டப் புத்தகம், காபி போட்டு எடுத்து வருவதற்குள் திறந்து கிடந்தது. காற்றுதான் என்று மூடினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்... மறுபடி அதே பக்கம்.

ஃபேனை நிறுத்தினேன். திருச்செங்கோட்டு வெயிலில் அது எவ்வளவு பெரிய தியாகம் தெரியுமா? பலனில்லை. அட்டை மெல்ல எழும்பியது. பக்கங்கள் புரண்டன. பிரிவு 111 வந்ததும் நின்றன.

நாற்பத்தாறு வயதில் சட்டம் படித்து முடித்தவள் நான். வக்கீலாகத் தொழில் செய்ய அதற்குமேல் ஒரு பரீட்சை உண்டு. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அப்படியும் போன தடவை கோட்டைவிட்டேன் — எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டுமே! இந்தத் தடவையும் போனால் தற்காலிகப் பதிவு காலாவதி. கறுப்புக் கோட்டை மடித்து பீரோவில் வைக்க வேண்டியதுதான்.

புத்தகம் ரஜியாவுடையது. சேலத்துக்காரி, என்னோடு படித்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். முதல் தடவையிலேயே பாஸானவள். தன் சாட்சியச் சட்டப் புத்தகத்தை எனக்குக் கொடுத்திருந்தாள்.

பிரிவு 111 என்ன சொல்கிறது? ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்துக்கு அவர் இறந்தவர்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஆறு சின்னக் கோடுகள்.

முதுகு சில்லிட்டது என்றால் சிரிப்பீர்கள். எனக்குச் சில்லிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“பரீட்சைப் பயம் உனக்கு. தோசக்கல்லத் தூக்கி மேல வெய்யி போ” என்றார்.

வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கல்லை எடுத்தால்... அதே 111.

பரீட்சை ஹாலுக்குள் கையெழுத்தோ கிறுக்கலோ இருக்கிற புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது. பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ரப்பர் எடுத்து ஆறு கோடுகளையும் அழித்தேன். பக்கம் பளிச்சென்று ஆயிற்று. அதைப் பெருமையாக ரஜியாவுக்குப் போன் போட்டும் சொன்னேன்.

“அழிச்சுட்டீங்களாக்கா?” என்றாள்.

அவள் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதான் காலேஜில் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்போதுதான் சொன்னாள் — பெட்ஷீட் வியாபாரத்துக்கு வடக்கே போனவர் திரும்பவே இல்லை. வருஷத்துக்கு ஒரு கோடு. புதுச் சட்டம் வந்தபோது பழைய புத்தகத்துக் கோடுகளையும் இதில் போட்டுக்கொண்டாளாம். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாளாம். புத்தகத்தின் முதுகு அங்கேயே மடிந்து பழகிவிட்டது. பேயுமில்லை, காற்றுமில்லை.

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன சொல்ல?

“அழிச்சது நல்லதுதான்க்கா. எனக்குத்தான் அழிக்கக் கை வரல. இன்னும் ஆறு வருஷந்தான ஆச்சு... வந்துருவாரு” என்றாள்.

பரீட்சை அன்று கண்காணிப்பாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். 111-லிருந்து கேள்வி வரவில்லை. ஆனால் எதைத் தேடினாலும் புத்தகம் அங்கேயே போய் நின்றது. மெதுவாக ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பென்சில் போயிருந்தது, அது அழுத்திய பள்ளம் போகவில்லை. விரலாலேயே எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். அத்தனை பேர் வியர்த்துக்கொண்டிருந்த ஹாலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது.

பாஸாகிவிட்டேன். கறுப்புக் கோட்டைத் தேய்த்து மாட்டியாயிற்று. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

நான் அழித்தது ஆறு கோடுகளைத்தான். ஏழாவதை எனக்கு முன்பே ஒருத்தி அழித்திருக்கிறாள்.