ளுழுளு என்றொரு பொத்தான்

போன வாரம் ரேஷன் அட்டைக்கு நகல் எடுக்க மணவாளக்குறிச்சியில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பழைய கோப்பு ஒன்றை அச்சிட்டார்கள். சூடான மை வாசனையோடு வந்த தாளில் இருந்தது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாசனை என்னை நாகர்கோவில் மாடியறை ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. கருவிகளோடு வரும் விளக்கப் புத்தகங்களைத் தமிழாக்கி அச்சுக்குத் தயார் செய்வது எங்கள் வேலை. நானும் ஷீலாவும் மட்டும்தான். மூன்று மாதக் கணினி வகுப்பை முடித்திருந்த நான், என்னை ஒரு நிபுணர் என்றே நினைத்திருந்தேன்.

அப்போதைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு மாறுவேடம். 'கடல்' என்று அடிக்க எஃப், எல், ஒய், ஒரு அரைப்புள்ளி என்று நான்கு சாவிகளைத் தட்ட வேண்டும். திரையில் கடல் தெரியும்; கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு எது வேடம், எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். ஆகவே ஆங்கிலச் சொற்களை முதலிலேயே தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

மீன்பிடி வள்ளங்களில் பொருத்தும் ஆபத்தில் உதவி கேட்கும் கருவி ஒன்றின் புத்தகம் வந்தது. மாற்றி முடித்தேன்.

"ஏட்டி, இங்கிலீசு வார்த்தையெல்லாம் எடுத்து வச்சியா?" என்றாள் ஷீலா.

"எல்லாம் வச்சாச்சி" என்றேன். திரும்ப ஒருமுறை வாசிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. பிரியாணி நன்றாக இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது, பாருங்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் படியேறி வந்தார். சூசை என்று பெயர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். உதடு வெடித்திருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி உப்பிய புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். கடைசிப் பக்கத்தில் எங்கள் முகவரி இருந்தது.

"இதெ நீதான் எழுதுனியா மக்கா?"

"ஆமாண்ணே."

"அப்பம் இந்த வரியெ வாசி."

வாசித்தேன். 'ஆபத்து நேரத்தில் ளுழுளு பொத்தானை மூன்று வினாடி அழுத்தவும்.'

எஸ் என்ற சாவி எங்கள் எழுத்துருவில் ளு. ஓ என்பது ழு. எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்தை எடுத்துவைக்க மறந்திருக்கிறேன்.

"எஞ்சின் நின்னு போச்சு. நாலு பேரு அந்தப் பெட்டியெ திருப்பித் திருப்பிப் பாத்தோம். ளுழுளுன்னு ஒண்ணும் இல்ல."

"செவப்பா ஒரு பொத்தான் இருந்திருக்குமே அண்ணே..."

"இருந்து. இங்கிலீசுல என்னவோ எழுதியிருந்து. அடுத்த வரியெ வாசி."

'வேறு எந்தப் பொத்தானையும் அழுத்தக் கூடாது.' அந்த வரியில் ஒரு பிழை இல்லை. அதை நம்பி நான்கு பேர், உயிர் காக்கும் பொத்தானைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தொடாமல் நான்கு நாள் மிதந்திருக்கிறார்கள். மீனுக்கு வைத்திருந்த ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். கொல்லத்து வள்ளம் ஒன்று கண்டு இழுத்து வந்திருக்கிறது.

"கரையில நான் செத்துட்டேன்னு பூசையே வச்சிட்டாவ மக்கா" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஷீலா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாளே திருத்தச் சீட்டு அச்சடித்தோம். சிவப்புப் பொத்தானின் படமும் போட்டோம். சூசையண்ணன் முன்னால் நடக்க, நாங்கள் இருவரும் பசை டப்பாவோடு கடற்கரை ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினோம். போன வீட்டிலெல்லாம், "இந்தப் பிள்ளைதான் தப்பா எழுதுனது, இப்பம் சரியா எழுதிருக்கு" என்று அவர் என்னை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்தேன்.

இப்போது அந்த எழுத்துருக்கள் இல்லை. அந்த மாடியறையும் இல்லை. விளக்கமெல்லாம் கைபேசியிலேயே வருகிறது, பளிச்சென்ற தமிழில். போன மாதம் ஒரு கருவியின் விளக்கத்தில் தலைகீழ்ப் பொருள் தரும் வரி ஒன்றைக் கண்டேன். எழுதியவரை அரைநாள் தேடினேன். இயந்திரமே மொழிபெயர்த்ததாம்; எழுதியவர் என்று யாருமே இல்லை.