கரைப் பக்கம் அவர் உட்கார்ந்த மாதங்கள்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது மறதி வேறு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை எடுக்கும்போது அண்டா சாய்ந்து, என் வீட்டுக்காரருக்கு வயிற்றிலிருந்து முழங்கால்வரை வெந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தோம். ஆரணிக்குத் திரும்பியபோது தோல் மூடியிருந்தது. ஆனால் தறியில் உட்கார்ந்து பத்து இழை போடுவதற்குள் வேர்த்துக் கொட்டும், எழுந்துவிடுவார்.

"இனிமே என்னால நெய்ய முடியாதுமே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"புண்ணுதான் ஆறிடுச்சே, அப்புறம் இன்னா?" என்று கேட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் அவரைக் கட்டிலிலேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா, "இன்னா சாப்பாடு குடுக்கறீங்க?" என்றார். பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும் என்று எங்கள் வீடுகளில் பத்தியம் பார்ப்போம்.

"கஞ்சியும் ரசமும்தாங்க. கட்டில விட்டு எறங்கவே விடறதில்லீங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றனவாம். சாப்பாட்டிலிருந்து தெம்பு எடுத்துத் தருவது அவைதானாம். பெரிய தீக்காயம் பட்டால் அவை கெட்டுப்போகுமாம். விறகெல்லாம் எரியும், சோறு வேகாது. தோல் ஆறின பிறகும் அவை சரியாவதற்கு மாதக்கணக்கு ஆகுமாம்.

"முட்டை, பருப்பு நல்லா குடுங்கம்மா. தினம் கொஞ்சம் நடக்கட்டும், கொஞ்சம் வேலை செய்யட்டும்."

கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். கல்யாணமான நாளிலிருந்து கரைப் பக்கம் நான்தான். இப்போது அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, நான் தறிக்குழியில் கால் வைத்து நெய்ய உட்கார்ந்தேன்.

"பொண்டாட்டி நெய்ய, புருஷன் கரை தள்றான்னு தெருவே சிரிக்கப்போவுது."

"சிரிக்கட்டும். நீங்க முட்டைய முழுங்குங்க."

காலையில் தெருக்கோடிவரை நடப்போம். மதியம் ஒரு விரற்கடை அவர் நெய்வார். போகப் போக இரண்டு, நான்கு. அப்போது நெய்த புடவைகளில் நெசவு தளர்ந்த இடமெல்லாம் நான் நெய்தது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "எழுந்திருமே, அது என் எடம்" என்றார். அன்று ஒரு முழம் நெய்துவிட்டுத்தான் எழுந்தார். நான் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளினேன்.

முட்டையும் நடையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அடுப்பு விஷயத்தைத்தான் சரியாக எழுதினேனா என்று தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.