அப்பாவுக்கு வராத நெஞ்சு வலி

சிட்னியில் நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லுக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. எனக்கு கம்ப்யூட்டர் துறையில் வேலை. ஆன்லைன் மோசடி பற்றி அடுத்தவருக்கு வகுப்பெடுக்கும் ஆசாமி நான். அதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வசதியாக இருக்கும்.

ரயிலில் பொழுது போகட்டும் என்று ஒரு சூதாட்டத் தளத்தில் விளையாட ஆரம்பித்தேன். பணம் போடுவதும் எடுப்பதும் கிரிப்டோவில்தான். கொஞ்ச நாளில் என் கணக்கில் இருபதாயிரம் டாலர் காட்டியது. எடுக்கப் போனால், முதலில் அதற்கான கட்டணத்தைக் கட்டு என்றது. ஜெயித்த பணத்திலேயே கழித்துக்கொள்ள மாட்டார்களாம், வெளியிலிருந்து தனியாக அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். அடுத்து சரிபார்ப்புக் கட்டணம். அதையும் அனுப்பினேன். மறுபடியும் கேட்டபோது கையில் காசில்லை. இது ஏமாற்று என்று புத்திக்குத் தெரிந்தது. ஆசை கேட்கவில்லை.

மனைவியிடம் சொல்ல தைரியமில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நண்பரிடம் போனேன். அவரும் எங்கள் திருச்சிக்காரர்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மூவாயிரம் டாலர் வேண்டும் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவசரத்துக்கு ஊரில் ஒருவர் வீட்டு ஆட்கள் ரூபாயாகக் கொடுத்துவிடுவார்கள். இங்கே நாங்கள் டாலராகத் தீர்த்துக்கொள்வோம். பொய் சொல்லும் அவசரத்தில் அது எனக்கு மறந்தே போனது.

"டாலர் எதுக்குங்க? எங்க அண்ணன் ஸ்ரீரங்கத்துலதானே இருக்கான். நேரா ஆஸ்பத்திரியிலயே கட்டிடுவான்" என்றார் நண்பர்.

வேறொருவர் கட்டிவிட்டார், அவருக்குத்தான் இங்கே கொடுக்க வேண்டும் என்று உளறினேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார். வீடு வந்து சேருவதற்குள் அதைத் தளத்துக்கு அனுப்பினேன். பதிலுக்கு வரி கட்டச் சொன்னார்கள். அப்போதுதான் எல்லாம் போய்விட்டது என்று உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் பிளாக்டவுன் ஸ்டேஷனில் நிற்கும்போது அப்பா கூப்பிட்டார். நண்பரின் அண்ணன் முன்பு ஒருமுறை நான் அனுப்பிய பார்சலை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர். வீடு தெரியும்.

"ஸ்ரீரங்கத்துத் தம்பி சாத்துக்குடியோட வந்திருந்தாருப்பா. நான் சைக்கிளுக்குக் காத்து அடிச்சிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்ப வந்தீங்கன்னு கேட்டாரு. காலையிலதான்னு சொல்லி உள்ள போய்ப் படுத்துக்கிட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கும் வர்றேன்னிருக்காரு. எத்தனை நாள் படுத்திருக்கணும்?"

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சின்ன வயதில் பொய் சொன்னதற்காக என்னை அடித்தவர் அவர். ரயில் வந்து நின்றது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

நண்பருக்குப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

போன வருடம் அப்பா சிட்னி வந்தார். நண்பர் வீட்டில் விருந்து. எங்களுக்கெல்லாம் காரக்குழம்பு, வறுவல், மாவடு. இதய நோயாளி என்று அப்பாவுக்கு மட்டும் நண்பரின் மனைவி தனியாகச் சமைத்திருந்தார். உப்பில்லாத சாம்பார், எண்ணெயில்லாத பொரியல். ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடாத மனிதர் அப்பா. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் என் மனைவி இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நண்பர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாவடு கிண்ணத்தை எடுத்து அப்பாவின் தட்டருகில் வைத்து, "சாப்பிடுங்கப்பா" என்றார்.

தளத்தில் தொலைத்த பணம் இப்போது நினைவுக்கு வருவதுகூட இல்லை, ஆனால் என் பொய்க்காக அப்பா முகம் சுளிக்காமல் விழுங்கிய அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.