ஆத்துக்காரர்

"விசா எல்லாம் இல்லை. ஆத்துலயேதான்." எங்கள் இணையக் குழுவின் பழைய பக்கம் ஒன்றில் இந்த வரி மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது. அதற்கு மேலும் கீழும் இருந்தவற்றை எழுதியவர்களே அழித்துவிட்டார்கள். இந்த வரியை எழுதிய மாமிக்கு அழிக்கத் தெரியாது.

தமிழ்ச் சொற்களை வைத்து அரட்டை அடிக்கிற குழு அது. மாமியின் கணவர் அதில் உறுப்பினர்; ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த புதிதில் ஒரு சொல்லுக்காகச் சூடாக வாதம் நடந்துகொண்டிருந்தபோது, "ஆத்துக்குப் போயிட்டு வந்து பதில் சொல்றேன்" என்று எழுதினார். ஐயங்கார் வீட்டுப் பேச்சில் ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. வையம்பட்டியில் விவசாயம் பார்க்கும் உறுப்பினர் ஒருவர், தெரிந்தேதான், "போறதுதான் போறீங்க, தண்ணி எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு வாங்க" என்று கேட்டார். இவர் சளைக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, "முழங்கால் அளவு" என்று பதில் போட்டார். அன்றோடு அவர் பெயர் ஆத்துக்காரர் ஆகிவிட்டது. அதன் பிறகு வேண்டுமென்றே வீட்டுச் சொற்களாகப் போட்டு எங்களைச் சீண்டுவார். வீட்டில் சாத்துமுது என்று ரசத்தைச் சொல்வார், யாரைச் சாத்தினீர்கள் என்று நாங்கள் கேட்போம். உறையூரில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அதைப் படித்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. "ஆத்துக்காரர் இன்னிக்குக் காலம்பற திருநாட்டுக்கு எழுந்தருளிட்டார். எல்லாருக்கும் சொல்லச் சொல்லியிருந்தார்." எழுதியது அவர் மனைவி. அந்த வீடுகளில் கணவரை ஆத்துக்காரர் என்பார்கள். இறந்துபோனதை இறந்துபோனார் என்று சொல்லாமல் இப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஆட்களோ, அவரே பட்டப்பெயரைப் போட்டுக்கொண்டு புதுச் சொல்லால் சீண்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த நாடு, விசா எப்போது கிடைத்தது என்று ஒருவர் தனிப் பக்கமே திறந்து கேட்டார். மாமி பாவம், உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார், விசா எல்லாம் இல்லை, ஆத்துலயேதான் என்று. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். காவிரியா கொள்ளிடமா, தண்ணி எவ்வளவு, சாருக்கு நீச்சல் தெரியுமா. வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். மாமி அதற்குப் பிறகு எழுதவில்லை.

நான் அன்று குடும்பத்தோடு சமயபுரத்தில் இருந்தேன். கூட்டத்தில் போனைப் பையை விட்டு எடுக்கவில்லை. மத்தியானம்தான் பார்த்தேன். மாமியின் முதல் செய்திக்குக் கீழே, அவர் இறந்துபோனதைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதிப் போட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் வருத்தம் தெரிவித்தார்கள். கூடவே, "எங்களுக்கு எப்படிங்க தெரியும், அவரே இப்படித்தானே விளையாடுவாரு" என்றும் எழுதினார்கள். ஒரு சொல்லுக்கு நாலு பொருள் சொல்லுகிற பண்டிதர்கள். ஒரு போன் போட்டுக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்புறம் அவசர அவசரமாக அவரவர் எழுதியதை அழித்தார்கள். அந்த வருத்தத்தை நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்திரை வீதி வீட்டுக்குப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க குரூப்ல ஏன் எல்லாரும் தண்ணி எவ்வளவு, நீச்சல் தெரியுமான்னு கேட்டா? அவர் கொள்ளிடத்துல விழுந்துட்டார்னு யாரோ தப்பாச் சொல்லியிருக்கா போலிருக்கு. அவர் அப்படிப் பண்ணிக்கறவர் இல்லைம்மா. காபியைக் கையில வாங்கிண்டு நாற்காலியில உக்காந்தவர், அப்படியே போயிட்டார். அவாளத்தான் சிநேகிதான்னு சொல்லிண்டிருப்பார். அவா தப்பா நினைச்சுடக் கூடாது. நீங்க சொல்லிடுங்கோ."

"சொல்லிடறேன் மாமி" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்த வாயால் சொல்வது? தன் கணவர் ஆற்றில் விழவில்லை என்று நிரூபிக்க நினைத்த மாமிக்கு அது மட்டும் தெரியாமல் இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

குழு இப்போதும் நன்றாக நடக்கிறது. நேற்று புதிதாகச் சேர்ந்த ஒருவர், பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போயிருப்பார் போலிருக்கிறது, மாமியின் அந்த வரிக்குக் கீழே, "எந்த ஆத்துலங்க?" என்று கேட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார். வையம்பட்டிக்காரர் உட்பட எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் பதில் எழுதவில்லை.

"வீட்டுல" என்று நான் எழுதினேன்.