சுவர் முழுக்கக் கம்பளி நூல்

வாயில் ஒரு சிவப்புக் கம்பளி நூல், காதில் பென்சில், காலடியில் ஆடும் ஸ்டூல். அட்டன் பஜாரில் தங்கள் ஜவுளிக்கடையின் மாடியில் விஜேந்திரன் சுவரைப் பார்த்து நிற்கிறார். கீழே கடையிலிருந்து அவர் மனைவி ரஜிதா, "இங்க... உங்களத்தான்!" என்கிறார். விஜேந்திரன் அசைவதில்லை.

"பேர் சொல்லாத அழைப்புக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்லீங்க மாஸ்டர்," என்று என்னிடம் கண்ணடிக்கிறார். வாயில் நூல் இருப்பதால் பாதிதான் புரிகிறது.

சுவர் முழுக்கப் பச்சைக் கோடு போட்ட கணினித் தாள்கள். தாளுக்குத் தாள் நூல் ஓடுகிறது. கொழும்பில் தேயிலை ஏல விற்பனை செய்யும் கம்பனி ஒன்றின் பழைய பெரிய கணினிக்கு எழுபதுகளில் அசெம்பிளர் மொழியில் எழுதிய கோப்புகள் இவை. "மனுசன் வாசிக்கக் கூடாதுன்னே எழுதினதுங்க," என்பார். இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்பனி புதிய கணினிக்கு மாறியாக வேண்டும். எந்தக் கோப்பு எந்தக் கோப்பை அழைக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எழுதியவர்கள் அவுஸ்திரேலியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். வேறொன்று அழைக்கிற கோப்பு புதிய கணினிக்குப் போகும். யாரும் அழைக்காதது அழிக்கப்படும். எது எது என்று சொல்வதுதான் விஜேந்திரனின் வேலை. ஒன்று மற்றதை அழைத்தால் சிவப்பு நூல், மற்றதைத் தனக்குள் பிரதி எடுத்துக்கொண்டால் நீல நூல். நூல் கடைச் சரக்கு.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது கொழும்பிலிருந்து திரும்பி வந்தவர். பழைய மேலதிகாரி கைவிடாமல் இந்த வேலையை ரயிலில் பார்சலாக அனுப்புகிறார். "கொழும்புல ஏசி ரூம்ல இருந்தேன். இங்க வந்து சிலந்தி உத்தியோகம் பாக்குறேன்." கணினி எங்கே என்று நான் கேட்டபோது தலையைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் அடிக்கடி நின்னுபோகுது." கடையை நடத்தும் அண்ணன் வீரபத்திரன் ஒரு அளவுகோலைத் தம்பிக்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். இந்த வேலையில் ஒரு தப்பு நடந்தால் அடுத்த பார்சல் வராது. துணி அளக்க வேண்டியதுதான்.

தாள்களை விட்டாலும் இந்தக் குணம் அவரை விடாது. தலவாக்கலை பஸ்ஸில் பக்கத்து ஆளை, "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று தொடங்கி, இறங்குவதற்குள் முன் சீட்டுக்காரருக்கு மச்சானாக்கிவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்த எனக்கு இந்த ஊரில் ஒரு உறவையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "மாஸ்டர், நீங்க ஒரு அநாதக் கோப்பு," என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கு வாத்தியாராக இருந்தும் அந்தத் தாள்களில் எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை என்பதால் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன்.

அந்த வாரம் அவர் பெருமையோடு கண்டுபிடித்த அநாதை, லொட்7 என்ற கோப்பு. எங்கேயும் அதன் பெயர் இல்லை. கொழும்புக்குப் போன் பண்ணி, "தூக்கிடுங்க" என்று சொல்லியாயிற்று. தாளையும் கடையில் சாமான் சுற்றக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் அழிப்பு. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மாடியில்தான் இருந்தேன்.

கீழே வாக்காளர் இடாப்புக்குப் பெயர் பதிய ஒரு பெண் வந்திருந்தார்.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா."

ரஜிதா சிரித்தார். "அத நான் எப்படிம்மா சொல்றது? வெளிய போர்டப் பாருங்க. ரெண்டாவதா இருக்கிற பேரு."

விஜேந்திரனின் வாயிலிருந்து நூல் விழுந்தது.

"மாஸ்டர், நான் பேரத் தேடியிருக்கேன்," என்றார். "போர்டத் தேடல."

ஸ்டூலிலிருந்து குதித்து, ஏலப் பட்டியல் அச்சிடும் புரோகிராமின் தாளைச் சுவரிலிருந்து பிய்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது. 'இந்த இடத்துக்குப் போ, அங்கே எந்தப் பெயர் இருக்கிறதோ அதை அழை' என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தமாம். அந்த இடத்தில் 'லொட்' என்பது மட்டும் தயாராக இருக்கிறது. தேயிலை எந்தப் பகுதியோ அதன் இலக்கம் ஓடும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். மற்ற ஆறு பகுதிகளின் கோப்புகளையும் வேறொரு புரோகிராம் பெயர் சொல்லி அழைப்பதால் அவை தப்பின. ஏழு பிற்பாடு சேர்ந்தது; அதன் பெயரை எந்தப் புரோகிராமிலும் யாரும் எழுதவில்லை.

"ஏழு எந்தப் பகுதி?" என்று கேட்டேன்.

"நம்ம பகுதி. அட்டன், தலவாக்கலை எல்லாம். அடுத்த ஏலப் பட்டியல்ல நம்ம தேயில ஒரு பெட்டி இருக்காது. ஊர் ஊரா சொந்தம் கண்டுபிடிச்ச நான் சொந்த ஊரையே அழிக்கச் சொல்லிட்டேன்!"

படிகளில் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மாடியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் போனில் புறக்கோட்டை மொத்த வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். விஜேந்திரன் விரலால் அமுக்கி அந்தப் பேச்சை வெட்டி, கொழும்புக்குச் சுழற்றினார். சிங்களத்தில் கெஞ்சினார். யாரோ பார்க்கப் போனார்கள். ரிசீவரைக் காதில் வைத்தபடி அவர் நின்றார். சிரிப்பு மூட்டும் முகம் அது. அப்போது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அண்ணன்கூட அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் அத அழிக்கலையாம்," என்று கடைசியில் மூச்சு விட்டார். பிறகு ரிசீவரிடம், தான் சொன்னதுதான் தப்பு என்று இரண்டு முறை சொன்னார்.

"சார் திட்டினாரா, சிரிச்சாரா?" என்று ரஜிதா கேட்டார்.

"ரெண்டும். பார்சல் மட்டும் தொடர்ந்து வருமாம்."

லொட்7 தாள் ஒரு பிள்ளையின் ஸ்வெட்டரைச் சுற்றி, கொடுக்கத் தயாராக இருந்தது. அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். இந்த உறவுக்குச் சிவப்பும் சரிவராது, நீலமும் சரிவராது என்று யோசித்து வெள்ளை நூலை எடுத்தார்.

"பேர வச்சுத் தேடினா இந்த வீட்டுல நானும் அநாததான் மாஸ்டர். கல்யாணம் கட்டின நாள்லருந்து ஒரு தடவகூட அவ சொன்னதில்ல. சோறு மட்டும் நேரத்துக்கு வந்துருது. அத வச்சாவது நான் யோசிச்சிருக்கணும்."

என் மனைவிக்கும் நான் "இஞ்சாருங்கோ" மட்டும்தான். அதைச் சொன்னதும், "அப்ப நீங்களும் போர்ட் கேசுதான்," என்று ஸ்டூலில் ஏறி, தாளைச் சுவரில் குத்தினார். நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறு முனையை ஏலப் பட்டியல் தாளுக்கு இழுத்தார்.

கீழிருந்து, "இங்க..." என்றது குரல்.

விஜேந்திரன் முடிச்சுப் போடாத நூலை என் கையில் திணித்துவிட்டு, "இந்தா வந்துட்டேன்!" என்று ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடினார்.