கடலடியில் திறக்காத கதவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மராமத்து இலாகாவில் இன்ஜினீயராக இருந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் புனைபெயரில் ஒரு சென்னை வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். குழித்துறையில் ஆற்றையொட்டிப் பாசன மதகு கட்டும் வேலை என் பொறுப்பில் இருந்தது. கதையோ நூறு வருஷம் கழித்து நடப்பது. கடலின் அடித்தரையில் ஊர்ந்துபோகும் ஓர் இரும்பு வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது. உள்ளே ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான்.

மத்தியானம் வேலையாட்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடும்போது ஸ்டோர் குமாஸ்தா அந்தக் கதையை உரக்க வாசிப்பார். அளவுப் புத்தகத்தைப் புரட்டுகிற பாவனையில் நானும் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் ‘அய்யோ’ என்னும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு துள்ளும்.

அன்று வாசித்த பகுதியில், வண்டிக்குள் காற்று குறைகிறது. அவன் கதவின் பிடியில் கை வைக்கிறான். அத்தோடு ‘தொடரும்’ என்று முடிந்திருந்தது.

“அடுத்த வாரம் தொறந்து நீந்தி வெளிய வந்திருவான்,” என்றார் குமாஸ்தா.

“எப்பிடித் தொறப்பான்?” என்றார் இனயத்துக்காரர். ஆற்றில் முங்கி அஸ்திவாரக் கல்லைச் சரிபார்க்க, இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து நாங்கள் அமர்த்தியிருந்த ஆள் அவர். “வெளிய கடல்வெள்ளம் அவ்வளவும் அமுக்கிட்டு நிக்கி. நம்ம மதகுப் பலகயே ஒரு பக்கம் வெள்ளம் நின்னா நாலு பேரு பிடிச்சாலும் அனங்காது. கத எழுதுனவன் வெள்ளத்துல எறங்காதவனாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்தப் பலகைமேல் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணக்குப் போட்டவனே நான்தான். கதை என்றதும் அதை மறந்திருக்கிறேன். அவன் கதவைத் தள்ளித் திறந்து வெளியேறுவதாக எழுதி, முந்தாநாள்தான் அடுத்த பகுதியைத் தபாலில் போட்டிருந்தேன்.

“அப்போ அவன் என்னதான் செய்யணும்?” என்று கேட்டேன்.

“வெள்ளத்த உள்ள விடணும், ஏமானே. கழுத்துவர ஏறட்டும், அதுக்கு மேலயும் ஏறட்டும். உள்ளயும் வெளியயும் ஒண்ணுபோல ஆனா கதவு தன்னால வழிவிடும். அதுவர பயப்படாம நிக்கணும். அதாக்கும் பாடு.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தப்பிக்க வேண்டியவன் தன் கையாலேயே தண்ணீரை உள்ளே விடுகிறான்! சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் பறந்தேன். மூச்சிரைக்க, பத்திரிகை ஆசிரியரின் சொந்தப் பெயருக்கு இங்கிலீஷில் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘கதவைத் திறக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே வருகிறது. விவரம் தபாலில்.’

தந்தி குமாஸ்தா என் முழங்கால் சேற்றையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவரை நான் மதகு கட்டும் இன்ஜினீயர். சட்டென்று எழுந்து சன்னல் வழியே கத்தினார்: “மக்கா, மதகு ஒடஞ்சு போச்சு! வெள்ளம் வருது!”

எதிரே சந்தை நடந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேரும் கலைந்து மேட்டை நோக்கி ஓடினார்கள். துணிக்கடைக்காரர் மூட்டையோடு கூரையில் ஏறிவிட்டார். நான் வெளியே பாய்ந்து ஒரு மாட்டுவண்டிமேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்: “மதகு உடையல! அது கதை! நான் எழுதுற கதை!”

ஓட்டம் நின்றது. ஒரு மீன்காரி இடுப்பில் கை வைத்து என்னை முறைத்தாள். “கதயா? எனக்க சாளயெல்லாம் ரோட்டுல கெடக்கு!” அவளோடு நானும் குனிந்து மீன் பொறுக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் அந்தக் கட்டம் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துத் தபாலில் சேர்த்தேன்.

தந்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. புதிய பகுதி அச்சாகி வந்த நாளில் சந்தைக்காரர்களும் ஆற்றங்கரையில் கூடிவிட்டார்கள். தண்ணீர் மோவாயைத் தொடும் இடத்தில் ஸ்டோர் குமாஸ்தா தன்னையறியாமல் எழுந்து நின்று வாசித்தார். ஒருவரும் கிழங்கைத் தொடவில்லை. கதவு அசைந்ததும் கூட்டம் ‘ஹோ’வென்று கூவியது. இனயத்துக்காரர் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். “இப்ப செரியாச்சு!”

சந்தையில் நடந்தது மேலிடத்துக்கும் எட்டி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சர்க்கார் உத்தியோகமா, கதையா, ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றார்கள். மதகு முடியும்வரை அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். முதல் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்த வாரமே ராஜினாமா எழுதினேன். அதுவரை என் கை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.